படம் பார்க்கிற பெட்டி

பேர்னாட்டுக்குப் படம் பார்க்க வராது. இருட்டில் உட்கார வைத்தால் கொஞ்ச நேரத்தில் தலை ஒரு பக்கம் சரிந்துவிடும். காதலித்த காலத்தில் ஐறீன் அவனை இரண்டு தரம் தியேட்டருக்குக் கூட்டிப்போனாள். இரண்டு தரமும் அவனுடைய குறட்டைக்காக முன்வரிசைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்ததால், அந்த ஆசையை அத்தோடு விட்டுவிட்டாள். அப்படிப்பட்ட மனிதன்தான் பிற்காலத்தில் சனிக்கிழமை தவறாமல் குளித்து, சாரம் மாற்றி, கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறையில் தனியாக இருந்து முழுப்படம் ஒன்று பார்த்தான். நித்திரை தூக்கினால் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தான். பெயர்கள் ஓடி முடிந்து திரை கறுப்பாகும் வரைக்கும் எழும்ப மாட்டான். ஏனப்பா இந்தக் கஷ்டம் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான்.

துறைமுகத்தில் கொன்டெய்னர்களை எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் கம்பனியில் அவனுக்கு வேலை. கப்பலில் வந்த சாமானுக்குக் கடதாசி அலுவல் பார்த்து, சுங்கத்தில் அலைந்து, ஒருகொடவத்தை யார்ட்டில் கொன்டெய்னர் கதவு திறக்கும்போது பக்கத்தில் நின்று, லொறியில் ஏற்றி அனுப்ப வேண்டும். யாருடையவோ கதிரைகள், யாருடையவோ குளிர்சாதனப் பெட்டிகள், யாருடையவோ பால்மா. ‘ஊரில எல்லாருக்கும் வாறதை வாங்கி அனுப்புறீங்கள், எங்களுக்கு ஒண்டும் வருகுதில்லை’ என்று ஐறீன் பகிடி பண்ணுவாள். அவள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இரண்டாம் வகுப்பு ரீச்சர். எங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்று அவள் சொன்னது கதிரையையோ குளிர்சாதனப் பெட்டியையோ அல்ல என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கல்யாணம் முடித்து ஒன்பது வருடமாகியிருந்தது.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு அவளுக்கு நாள் தள்ளிப் போனது.

வத்தளையில் இருந்த அவளுடைய அக்கா றேணுகா, செய்தி கேட்ட அன்றே நீர்கொழும்பு பஸ்ஸில் ஏறி, சாப்பாட்டுக் கரியருடன் வந்து இறங்கினாள். தங்கச்சியைக் கட்டிப்பிடித்து அழுது முடித்துவிட்டு, பேர்னாட்டைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

“தம்பி, ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. பிள்ளை பிறந்து கையில எடுக்கிற வரைக்கும் ஒரு சாமானும் வாங்கப்படாது. ஒரு சட்டை, ஒரு கிலுகிலுப்பை கூட வேண்டாம். எல்லாம் நான் பிறகு கொண்டு வாறன். முதல் வாங்கினால் சரிவராது.”

“சரி அக்கா” என்றான் பேர்னாட்.

சரி என்று சொல்லிவிட்டான். ஆனால் அவனுக்கு அது லேசாக இருக்கவில்லை. ஒன்பது வருடமாகக் கண்ணைத் திருப்பிக்கொண்டு கடந்துபோன கடைகளெல்லாம் இப்போது அவனைக் கூப்பிட்டன. மெயின் வீதியில் தொங்கும் குட்டிச் சப்பாத்துகளுக்கு முன்னால் நின்றான். யார்ட்டில் தள்ளுவண்டிகள் வந்த கொன்டெய்னர் ஒன்றைத் திறந்தபோது, ஒன்றை வெளியே எடுத்து, பரிசோதிக்கிற பாவனையில், சிமெந்துத் தரையில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் உருட்டிப் பார்த்தான். பிறகு பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிட்டான்.

அந்த நாட்களில்தான் வெள்ளவத்தையில் காலி வீதியோரம் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்த ஸப்வானுடைய கொன்டெய்னர் வந்தது. ஸப்வான் பேர்னாட்டைவிட ஐந்தாறு வயது கூடியவர். பேர்னாட் அவரை நானா என்று கூப்பிடுவான். சாமான் கடைக்குப் போய்ச் சேர்ந்த பின்னேரம், கடதாசிகளைக் கொடுக்கப்போன பேர்னாட்டை அவர் உட்காரவைத்து, பிளேன்ரீ வரவழைத்து, புதிதாக வந்த ஒரு கறுப்புப் பெட்டியை மேசையில் தூக்கி வைத்தார். பிள்ளைகள் ரீவீயில் பூட்டி விளையாடுகிற கேம் மெஷின்.

“இதுக்குள்ள என்ன ஈக்கி தெரியுமா? ப்ளூ-ரே. டிவிடிக்குப் பொறகு வந்தீக்கிற புது டிஸ்க். படம் கண்ணாடி மாதிரித் தெரியும்” என்றார் ஸப்வான்.

“கேம் மெஷினுக்குள்ள படம் போடுற டிஸ்க் என்னத்துக்கு, நானா?”

“அதுலதான் ஈக்கி விஷயம். புது டிஸ்க் ஒண்டில்ல, ரெண்டு வகை வந்த. ரெண்டு கட்சிக்கும் பெரிய சண்ட. ஒரு கட்சி, டிஸ்க் ஓடுற சாமான கேம் மெசினுக்குள்ளயே வெச்சி ஒண்டாக் குடுத்த. மத்தவன், படம் பாக்கோணுமெண்டா வேற ஒரு பெட்டியும் வாங்கி மெசினுக்குப் பக்கத்தில பூட்டிக்கோங்க எண்டு சென்ன. ஆரு வாங்குற? அந்த டிஸ்க் இந்த வருஷத்தோட மவுத்து.” அவர் மூலையைக் காட்டினார். விலைப்படாத சின்னப் பெட்டிகள் நாலைந்து அங்கே தூசி பிடித்துக் கிடந்தன. “அதயும் நம்பி எடுத்த மடையன் நான்தான்.”

பேர்னாட் சிரித்தான்.

“இது நல்லாப் போகுது. வாற வாப்பாமார்ட்ட நான் ஒரே ஒரு கததான் செல்லுற. வீட்ட போய் கேம் எண்டு வாயத் தொறக்க வாணாம். டிஸ்க் பிளேயர் எண்டு செல்லுங்க. தனிப் பிளேயர் வாங்கினா இதவிட வெல கூட. பொஞ்சாதி ஒண்டும் பேச மாட்டா. வாப்பாக்குப் படம், புள்ளைக்குக் கேம்.”

பிளேன்ரீயைக் குடித்து முடிக்கும் வரைக்கும் பேர்னாட் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிஸ்க் பிளேயர். அது பிள்ளைச் சாமான் இல்லை. றேணுகா அக்கா நேரில் வந்து பார்த்தாலும் பிள்ளைக்கு வாங்கியது என்று சொல்ல முடியாது. சட்டை மூன்று மாதத்தில் சின்னதாகிவிடும், கிலுகிலுப்பை ஒரு வருடத்தில் உடைந்துவிடும். இது அப்படியல்ல. பிள்ளை வளர்ந்து, நிலத்தில் சம்மாணம் கொட்டி இருந்து, தகப்பனோடு போட்டிக்கு விளையாடி, தகப்பனைத் தோற்கடித்துவிட்டுச் சிரிக்கிற காலத்துக்கானது. அவ்வளவு தூரத்தை அவன் அதுவரைக்கும் நினைத்துப் பார்க்கத் துணியவில்லை. அந்தக் கடைக் கதிரையில் இருந்து நினைத்துப் பார்த்தான்.

ஒன்று வாங்கினான். பெட்டிக்குள் கார் ஓட்டப் பந்தய விளையாட்டு ஒன்றும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். கையில் பிடித்து விளையாடும் கொன்ட்ரோலர் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று தனியாக வேண்டுமென்று கேட்டான்.

“படம் பாக்க ஒண்டு போதுமே” என்றார் ஸப்வான்.

“ஒண்டு பழுதாப் போனால், நானா” என்றான் பேர்னாட்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. கொழும்பில் பையோடு போகிறவனைப் பார்த்தால் பஸ் கொண்டக்டர்கூட இரண்டாம் தரம் பார்ப்பான். ஆமர் வீதிச் சந்தியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த இளம் சிப்பாய், பேர்னாட்டின் கையிலிருந்த பெரிய பெட்டியைத் துவக்கின் முனையால் காட்டினான்.

“மொனவத மே?” என்ன இது என்று.

“டிஸ்க் பிளேயர் எகக், மஹத்தயா” என்றான் பேர்னாட். ஸப்வான் சொல்லிக்கொடுத்ததை முதன்முதலாக அவன் பாவித்தது அங்கேதான்.

சிப்பாய் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தான். கொன்ட்ரோலர்கள் இரண்டையும் கண்டதும் அவன் முகம் பொடியன் முகமாக மாறிவிட்டது. இது கேம் மெஷின் அல்லவா என்று சிங்களத்தில் கேட்டான். பிறகு, “தருவோ இன்னவத?” என்றான். பிள்ளைகள் இருக்கிறார்களா என்று.

பேர்னாட் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

“எனவா” என்றான். வருகிறது.

சிப்பாய் தலையாட்டிவிட்டு, பெட்டியின் மூடியைத் தானே மடித்துக் கொடுத்தான். மிச்ச வழியெல்லாம் பேர்னாட் பெட்டியை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் ஐறீன் பெட்டியையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள்.

“இதென்ன?”

“படம் பாக்கிற பெட்டி. புது டிஸ்க் போடலாம். தனிப் பிளேயரைவிட இது லாபம்.”

“படம் பாக்கவோ? நீங்களோ?”

“ஏன், நான் பாக்கப்படாதோ?”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஸப்வான் கூடவே கொடுத்துவிட்ட ஒரு ப்ளூ-ரேயைப் போட்டார்கள். கண்ணாடி போலத் தெரியும் என்ற படம், அவர்களுடைய பழைய, முதுகு பருத்த ரீவீயில் எப்போதும் போலத்தான் தெரிந்தது.

“இதில என்ன வித்தியாசம்?” என்றாள் ஐறீன்.

“வடிவாப் பாரும். எவ்வளவு தெளிவு.”

“ஓமோம், சரியான தெளிவு” என்று சொல்லி, அவள் அவன் தோளில் சாய்ந்தாள். வழக்கம்போல் அவன் நித்திரையாகிவிட்டான். விழித்தபோது அவள் படத்தைப் பார்க்காமல், அவனுடைய கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தபடி இருந்தாள். அவர்களுடைய வாழ்க்கையில் சந்தோஷமான வாரங்கள் என்றால் அதற்குப் பின்வந்த வாரங்கள்தான்.

ஏழாம் மாதத்தில் ஒரு நாள் ஐறீன் பள்ளிக்கூடத்திலிருந்து நேரத்தோடு வந்து கட்டிலில் படுத்துக்கொண்டாள். பிள்ளை அசைகிறதில்லை என்றாள். முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவளுக்குக் காய்ச்சலும் தொடங்கியிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். பெண்பிள்ளை. உயிர் இல்லை. ஐறீனுக்கு நினைவு சரியாகத் திரும்ப இரண்டு நாள் பிடித்தது. அதற்கிடையில் அவள் பார்க்காமல் இருப்பதே நல்லது என்று றேணுகா சொன்னாள். பேர்னாட்டுக்கு நல்லது கெட்டது பிரித்துப் பார்க்கிற நிலை இல்லை. தாதி ஒருத்தி வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள். ஆஸ்பத்திரி நடைபாதையில், ஜன்னலோரமாக, அவன் கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு மாதம்பிட்டிய மயானத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்தான். சுவாமியார் ஒருவர் செபித்தார். றேணுகாவின் கணவர் குடை பிடித்தார்.

ஐறீன் கண் விழித்து, அவன் சொன்னதைக் கேட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சுவரைப் பார்த்தபடியே கதைத்தாள்.

“அக்கா சொன்னவதானே, முதல் வாங்கப்படாது எண்டு. நீங்கள் விளையாட்டுச் சாமான் வாங்கினனீங்கள்.”

அவனுக்கும் அந்த நினைப்பு வந்திருந்தது. குழி மூடும்போது வந்திருந்தது. ஆனால் அந்தப் பழியை அவளும் சேர்ந்து சுமக்கக்கூடாது என்று நினைத்தான். அப்படி ஒன்றை வீட்டுக்குள் விட்டோமே என்று அவள் வாழ்நாளெல்லாம் புழுங்கக்கூடாது.

“அது விளையாட்டுச் சாமான் இல்லை, ஐறீன். படம் பாக்கிறதுக்கு வாங்கினது” என்றான்.

“பிள்ளைக்கு எண்டு நினைச்சு வாங்கேல்லையோ?”

“இல்லை.”

“ஒருக்காலும் நினைக்கேல்லையோ?”

“இல்லை. சத்தியமா இல்லை.”

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய நெஞ்சிலிருந்து ஒரு கல்லை எடுத்துவிட்டதாக பேர்னாட் நம்பினான்.

சொன்னதை மெய்யாக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்த வாரமே கொன்ட்ரோலர்கள் இரண்டையும் கார்ப் பந்தய விளையாட்டின் இறுவட்டையும் ஒரு பையில் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றினான். கொன்ட்ரோலர் இல்லாமல் படத்தை ஓட்ட முடியாது என்பதால், படத்துக்கென்றே தனியாக வரும் ரிமோட் ஒன்றை, டுபாய் போகும் கப்பலில் வேலை செய்த தெரிந்த பையன் ஒருவன் மூலம் எடுப்பித்தான். ஸப்வானிடமிருந்து ப்ளூ-ரேகள் வாங்கி வந்து அடுக்கினான். பழைய ரீவீயை மாற்றித் தட்டையான ரீவீ வாங்கினான். அதில் உண்மையாகவே படம் தெளிவாக இருந்தது. மரத்தின் ஒவ்வொரு இலையும் தெரிந்தது. சனிக்கிழமைகளில் பார்க்கத் தொடங்கினான்.

முதல் சில மாதங்கள் ஐறீனும் பக்கத்தில் இருந்தாள். அவன் படத்தைப் பற்றி ஏதாவது சொல்வான். அவள் ஓம் என்பாள். பிறகு குசினியில் வேலை இருக்கிறது என்றாள். பிறகு ஒன்றும் சொல்லாமலே அறைக்குள் போய்விடுவாள். இரண்டாம் வகுப்பு வேண்டாமென்று கேட்டுப் பெரிய வகுப்புகளுக்கு மாறிக்கொண்டாள். இன்னொரு பிள்ளைக்கு வாய்ப்பில்லை என்று டொக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றியும் இருவரும் கதைக்கவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. உப்புக் கூடிப்போச்சு, மழை வருகுது, உடுப்பை எடுங்கோ, ஞாயிறு பூசைக்கு நேரமாகுது. இந்த அளவுக்குப் பேச்சு இருந்தது. ஒரு வீட்டை நடத்த அவ்வளவு பேச்சுப் போதும் என்பதை பேர்னாட் மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டான்.

வீட்டில் பாலன் குடில் வைத்திருந்த ஒரு நத்தார் விடுமுறைக்கு றேணுகா தன் மகள் றஷ்மியோடு வந்திருந்தாள். றஷ்மிக்கு அப்போது எட்டு வயதிருக்கும். ரீவீக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டியைக் கண்டதும் துள்ளிக்கொண்டு வந்தாள்.

“சித்தப்பா, இதில கேம் விளையாடலாம். என்ர ஃபிரெண்ட் வீட்டிலயும் இருக்கு. கார் கேம் இருக்கோ?”

“இல்லையம்மா. இது படம் பாக்கிற பெட்டி” என்றான் பேர்னாட்.

“இல்லை, சித்தப்பா. இது கேம் மெஷின். எனக்குத் தெரியும்.”

“இஞ்ச இது படத்துக்கு மட்டுந்தான், குஞ்சு.”

கேக் வெட்டிக்கொண்டிருந்த ஐறீன் கத்தியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போனாள். பிள்ளை ஒன்று அங்கே நின்று கேம் பற்றிக் கதைத்தது அவளுக்குத் தாங்கவில்லை, தான் சொன்ன பதில் அவளைக் காப்பாற்றியது என்று பேர்னாட் நினைத்தான். அவள் எதைத் தாங்க முடியாமல் எழுந்தாள் என்பது அவனுக்குத் தெரிய இன்னும் பல வருடங்கள் இருந்தன.

காலம் போனது. யுத்தம் முடிந்தது. சந்திகளில் பஸ்ஸை நிறுத்துகிறவர்கள் இல்லாமல் போனார்கள். ஊரில் எல்லோரும் ஃபோனிலேயே படம் பார்க்கத் தொடங்கினார்கள். இறுவட்டு வாங்குகிறவர்கள் இல்லை. வெள்ளவத்தைக் கடையில் ஸப்வானின் தலை நரைத்தது. ப்ளூ-ரே அடுக்கியிருந்த தட்டில் அவர் சார்ஜர்களையும் ஃபோன் உறைகளையும் தொங்கவிட்டார். பேர்னாட் மட்டும் வீட்டில் இருந்த அதே படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். சில படங்களின் வசனம்கூட மனப்பாடமாகிவிட்டது.

அப்படி ஒரு சனிக்கிழமை, இறுவட்டைப் போட்டான். பெட்டி அதை உள்ளே இழுத்து, இரண்டு மூன்று தரம் கறகறத்து, வெளியே தள்ளியது. துடைத்துப் போட்டான். மறுபடி தள்ளியது. வேறு ஒன்றைப் போட்டான். அதையும் தள்ளியது. திங்கட்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனான்.

ஸப்வான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே திறந்து பார்த்தார்.

“டிஸ்க் வாசிக்கிற லென்ஸ் போய்ட்டு, பேர்னாட். எத்தின வருஷம் ஓடின. இனி சாமான் எடுக்கேலா. இதுக்கு ஆரும் பார்ட்ஸ் கொண்டுவாறல்ல.”

“அப்ப பெட்டி வேலை செய்யாதோ, நானா?”

“மெசின் நல்லாத்தான் ஈக்கி. டிஸ்க்தான் ஏலா. மெமரில கேம் ஏத்தித் தரச்சென்னா தாரன். கேம் மட்டும் விளையாடலாம்.” அவர் சிரித்தார். “படத்துக்கு எடுத்த சாமான், இப்ப கேமுக்கு மட்டுந்தான்.”

பேர்னாட் அதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தான். எங்கே வைப்பதென்று தெரியாமல் சாப்பாட்டு மேசையில் வைத்தான். பாடசாலைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்த ஐறீன் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னவாம்?”

“இனிப் படம் பாக்க ஏலாதாம். லென்ஸ் போயிட்டுதாம்.”

“எறியிறதோ?”

“மெஷின் வேலை செய்யுதாம். கேம் மட்டும் விளையாடலாமாம்.”

ஐறீன் சிவப்புப் பேனையை மூடி வைத்தாள்.

“அப்ப இப்ப அது என்ன?” என்று கேட்டாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். பேர்னாட் வாயைத் திறந்தான். எத்தனையோ வருடமாகச் சொல்லிப் பழகிய சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. வெளியே வரவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“பிள்ளைக்குத்தான் வாங்கினனான், ஐறீன்.”

அவள் மேசையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

“ரெண்டாவது கொன்ட்ரோலர் பெட்டியோட வரேல்லை. நான்தான் கேட்டு வாங்கினனான். அவள் வளர்ந்து என்னோட இருந்து விளையாடுவாள் எண்டு நினைச்சனான். எல்லாம் நினைச்சனான். நீர் அண்டைக்குக் கேட்டனீர். நான் பொய் சொன்னனான்.”

“ஏன்?”

“ஓம் எண்டால் நான்தானே அவளை... உமக்கும் அந்த நினைப்பு வரும். அதுதான்.”

ஐறீன் கொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கிய பிறகு மறுபடி பரப்பினாள்.

“நான் அதில விளையாடினனான்” என்றாள்.

“எதில?”

“இதிலதான். அந்தக் கார். நீங்கள் வேலையால வர முதல், பின்னேரத்தில. கொன்ட்ரோலரை வயித்தில வச்சுக்கொண்டு ஓடுவன். கார் மோதேக்க அது கையுக்க அதிரும். அவளும் உள்ளுக்க இருந்து உதைப்பாள். நான் அவளிட்டச் சொல்லுவன், அப்பா உனக்கு வாங்கினவர், படம் பாக்க எண்டு எங்களுக்குப் பொய் சொல்லுறார் எண்டு.”

பேர்னாட் பெட்டியின் மேல் கையை வைத்தான்.

“அவள் போனாப் பிறகு, நான் விளையாடினதாலதானோ எண்டு நினைச்சுத்தான் உங்களைக் கேட்டனான். நீங்கள் இல்லை எண்டனீங்கள். சத்தியம் பண்ணினனீங்கள். நான் அதை நம்பினனான்.” அவள் குரல் உயரவில்லை. “இந்த மனிசன் ஒருக்காலும் நினைச்சதில்லையாம், இவருக்கு இது படம் பாக்கிற பெட்டிதானாம், அப்ப அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான் எண்டு நினைச்சன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நீங்கள் இருந்து படம் பாக்கேக்க, நான் அறைக்க இருந்து அதைத்தான் நினைப்பன்.”

“நீர் என்னைக் குற்றம் சொன்னனீர், ஐறீன். அதாலதான்.”

“அண்டைக்கு நான் ஆரைச் சொல்லேல்லை? மாதாவையும் சொன்னனான். நீங்கள் ஓம் எண்டு சொல்லியிருந்தால், உங்களைக் கட்டிப்பிடிச்சு அழுதிருப்பன். அவ்வளவுதான் நடந்திருக்கும்.”

அவன் எழுந்து அவள் பக்கம் போனான். அவள் தடுக்கவில்லை, சாயவும் இல்லை. தோளில் வைத்த கை அங்கேயே இருந்தது. அழ வேண்டிய காலத்தில் சேர்ந்து அழாதவர்கள், இப்போது எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்துபோய்ச் சோற்றுக்கு அரிசி கழுவினாள்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு, வீட்டுக்குத் திரும்புகிற வழியில், ஐறீன் நடுவீதியில் நின்று, “என்னை அங்க கூட்டிக்கொண்டு போங்கோ” என்றாள். எங்கே என்று அவன் கேட்கவில்லை. முச்சக்கர வண்டி பிடித்து மாதம்பிட்டிய மயானத்துக்குப் போனார்கள். மதிலோரமாக, ஒரு வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் என்று பேர்னாட் நினைவு வைத்திருந்தான். வேப்பமரம் இல்லை. மதிலும் புதிது. அந்த இடம் முழுக்கப் பளிங்குக் கல் வைத்த பெரியவர்களின் கல்லறைகள் நெருங்கிக் கிடந்தன. குழி வெட்டுகிற கிழவரிடம் சிங்களத்தில் விசாரித்தான். சின்னப் பிள்ளைகளின் பக்கத்தை எப்போதோ மறுபடி வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு, கையிலிருந்த மண்வெட்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஐறீன் கொண்டுவந்த மெழுகுதிரியைப் பொதுச் சிலுவையின் அடியில் கொளுத்தினாள். காற்றில் அது இரண்டு தரம் அணைந்தது. மூன்றாம் தரம் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது வண்டிக்குள் அவள் கேட்டாள்.

“தலைமயிர் இருந்ததோ?”

“இருந்தது. நிறைய. கறுப்பா, ஈரமா நெத்தியில ஒட்டிக்கொண்டு.”

“நிறம்?”

“உம்மட நிறம்.”

“கை?”

“விரல் நீளம். நான் விரிச்சுப் பாத்தனான். நகம்கூட இருந்தது.”

வண்டி சந்தியில் நின்றது. பக்கத்தில் ஒரு லொறி உறுமிக்கொண்டிருந்தது. அது ஓயும் வரைக்கும் ஐறீன் காத்திருந்தாள்.

“காது?”

“காது உம்மட காதுதான். இப்பிடி ஒட்டினபடி. அதை அப்பவே கண்டனான்.”

“மூக்கு?”

“சின்ன மூக்கு. நுனி கொஞ்சம் சிவந்து.”

அவள் ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக் கேட்டாள். கேட்டுக் கேட்டு அந்த முகத்தைத் தனக்குள் உண்டாக்குகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆகவே கவனமாகச் சொன்னான், இல்லாததைச் சேர்க்காமல் சொன்னான்.

“நாடி?” என்று தன் முகவாயைத் தொட்டுக் கேட்டாள் ஐறீன். “நாடி ஆரின்ர மாதிரி, உங்கட மாதிரியோ, என்ர மாதிரியோ?”

பேர்னாட் யோசித்தான். ஆஸ்பத்திரி நடைபாதை வந்தது, ஜன்னல் வந்தது, வெள்ளைத் துணி வந்தது. நெற்றி, காது, மூக்கு எல்லாம் வந்தன. அதற்குக் கீழே துணியின் மடிப்பு மட்டும்தான் வந்தது. ஒரு காலத்தில் அதுவும் தெரிந்திருந்தது. யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த இத்தனை காலத்தில் எங்கேயோ நழுவிப் போயிருந்தது.

“எனக்கு ஞாபகம் இல்லை, ஐறீன்” என்றான்.

“யோசிச்சுப் பாருங்கோ.”

வண்டி கொட்டாஞ்சேனைக்குள் திரும்பியது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு யோசித்தான்.